சுடுதிடலில் வென்றவர் சந்தையில் தோற்றது ஏன்?



துப்பாக்கி என்றதும் நம்மில் பலருக்குத் திரைப்படம்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்த அரங்கில் அமர்ந்திருக்கும் ஆண்களில் பெரும்பாலோர் உண்மையான துப்பாக்கியைத் தோளில் பதித்துச் சுட்டவர்கள். கணக்காளர், ஆசிரியர், பேருந்து ஓட்டுநர், உணவுக்கடைக்காரர் என்று யாரைக் கேட்டாலும் தேசிய சேவையின்போது எத்தனை குறிகளை வீழ்த்தினேன் என்று சொல்வார். இந்தப் பேச்சில் இரண்டு வகைக் கதைகள் உண்டு. ஒன்று பெருமைக் கதை: குறிபார்த்துச் சுடுவதில் தேர்ந்து சட்டையில் சின்னம் குத்திக்கொண்டது. மற்றொன்று சிரிப்புக் கதை: அதே மனிதர் கேளிக்கைச் சந்தையில் பணத்தைக் கொட்டியும் ஒரு கரடிப் பொம்மையைக்கூடப் பெற முடியாமல், பிள்ளைகளின் முன்னால் அசடு வழிந்தது.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் நம் வட்டாரத்தின் நூறாண்டு வரலாறு அதற்குள் இருக்கிறது. இன்று அதைத்தான் பேச வந்திருக்கிறேன்.

மூன்று உலகங்கள்

சந்தையிலிருந்தே தொடங்குவோம். சிங்கப்பூரில் 1923ஆம் ஆண்டில் ஜாலான் புசாரில் 'நியூ வோர்ல்ட்' கேளிக்கைப் பூங்கா திறக்கப்பட்டது. ஓங் பூன் டாட், ஓங் பெங் ஹோக் என்ற சகோதரர்கள் அதைத் தொடங்கினர். 1930களில் கிம் செங் சாலையில் 'கிரேட் வோர்ல்ட்', கேலாங் பக்கம் 'ஹேப்பி வோர்ல்ட்' ஆகியவையும் வந்தன. ஹேப்பி வோர்ல்ட் பின்னாளில் 'கே வோர்ல்ட்' என்று பெயர் மாறியது. மக்கள் இவற்றை மூன்று உலகங்கள் என்றே அழைத்தனர். கோலாலம்பூருக்குப் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்தது.

மலாய் நாடகம், சீன இசை நாடகம், குத்துச்சண்டை, ரோங்கெங் நடனம், ராட்டினம், திரையரங்கு என்று எல்லாம் ஒரே வளாகத்தில் இருந்தன. மாலையில் துறைமுகத் தொழிலாளியும் முகாமிலிருந்து விடுப்பில் வந்த பிரிட்டிஷ் சிப்பாயும் அங்கே தோளோடு தோள் உரசி நடந்தார்கள். அந்த நெரிசலுக்கு நடுவே குறிசுடும் கடைகளும் இருந்தன. படையில் சேராத சாதாரண மனிதருக்குத் துப்பாக்கி போன்ற ஒன்றைக் கையில் பிடித்துப் பார்க்கும் வாய்ப்பு அந்தக் கடையில்தான் கிடைத்தது.

இந்தக் கடை நம் ஊர்ச் சரக்கு அன்று. பிரான்சைச் சேர்ந்த லூயி நிக்கோலா ஃப்ளோபெர் 1845ஆம் ஆண்டு வாக்கில் வலுக்குறைந்த சிறிய தோட்டா ஒன்றை உருவாக்கினார். வீட்டுக் கூடத்துக்குள்ளேயே நின்று சுடக்கூடிய அளவுக்கு அதன் வேகம் குறைவு. அந்த வழியில் வந்த சிறு துப்பாக்கிகளால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் சந்தைதோறும் குறிசுடும் கடைகள் பெருகின. இரும்பு வாத்தும் களிமண் குழாயும் குறிகளாயின. பிற்காலத்தில் தோட்டாவுக்குப் பதிலாகக் காற்றழுத்தத் துப்பாக்கியும், தக்கையைப் பாய்ச்சும் துப்பாக்கியும் வந்தன. சென்னை மெரினா கடற்கரைக்குச் சென்றவர்கள் அங்கே வரிசையாகக் கட்டிய பலூன்களைச் சுடும் கடைகளைப் பார்த்திருப்பார்கள். அவையும் இதே குடும்பம்தான்.

தக்கையின் தந்திரம்

பயிற்சி பெற்ற படைவீரர் அங்கே ஏன் தோற்கிறார்? கடைக்காரர் ஏமாற்றுகிறார் என்று சொல்லிவிடுவது எளிது. பார்வைக்குறி சற்று வளைந்திருக்கும், பொம்மையின் அடியில் கனம் இருக்கும் என்ற பேச்சு உலகம் முழுவதும் உண்டு. சில இடங்களில் அது உண்மையும்கூட. ஆனால் எந்தச் சூதும் இல்லாத கடையிலும் படைவீரர் தடுமாறுவார்.

ராணுவத் துப்பாக்கியின் குழலுக்குள் திருகுபோல் வளைந்து செல்லும் வரிப்பள்ளங்கள் உண்டு. அவை தோட்டாவைச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பதுபோல, சுழலும் தோட்டாவும் நேராகச் செல்கிறது. தக்கைத் துப்பாக்கியின் குழலோ வழவழப்பானது. தக்கை சுழலாது. எடை குறைவு, வடிவமும் ஒன்றுபோல் இருக்காது. பலமுறை சுடப்பட்டு ஓரம் தேய்ந்த தக்கை ஒருபக்கம் இழுக்கும். வேகமும் குறைவு என்பதால் சில அடி தூரத்திலேயே தாழ ஆரம்பித்துவிடும்.

அடுத்தது, குறியைத் தொடுவது வேறு, வீழ்த்துவது வேறு. பொம்மையின் நடுவில் பட்டால் தக்கை பட்டென்று தெறித்துவிடும், பொம்மை அசையாது. மேல்பகுதியில், ஓரமாகப் பட்டால்தான் அது கவிழும். நெஞ்சின் நடுவில் சுடப் பழகிய படைவீரருக்கு அவர் பெற்ற பயிற்சியே இங்கே எதிரியாகிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. முகாமில் தரப்படும் துப்பாக்கி அவருடையது. அதன் எண் அவருக்கு மனப்பாடம். தம் கண்ணுக்கும் கன்னம் பதியும் இடத்துக்கும் ஏற்ப அதன் பார்வைக்குறியை முதலில் சரிசெய்துகொள்வார். முகாமில் இதை 'ஸீரோயிங்' என்பார்கள். ஒருவருக்குச் சரிசெய்த துப்பாக்கி இன்னொருவருக்குச் சரிப்பட்டு வராது. சந்தைத் துப்பாக்கியோ யாருக்கும் சொந்தமில்லாதது. ஆகவே அங்கே வெற்றி பெறுபவர், முதல் தக்கை எங்கே போய் விழுகிறது என்று பொறுமையாகப் பார்த்து, அடுத்ததை அதற்கேற்ப விலக்கிச் சுடுபவர். பெரும்பாலும் சின்னம் வாங்கிய வீரர்களைவிடக் கூர்ந்து பார்க்கும் சிறுவர்கள் அதைச் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுகிறார்கள்!

ஒரு பெண்ணும் ஒரு புகைப்படமும்

சந்தைக் கடை வெறும் பொழுதுபோக்குத்தானே என்று கேட்கலாம். ஹாலந்து நாட்டின் தில்பர்க் நகரில் ரியா வான் டைக் என்ற பெண் 1936ஆம் ஆண்டு, தம் 16ஆவது வயதில் சந்தையில் குறிசுட்டார். குறியின் நடுவில் பட்டால் கேமரா தானாக இயங்கிச் சுட்டவரைப் படம் பிடிக்கும் கடை அது. அந்தப் படமே பரிசு. அதன்பிறகு ஆண்டுதோறும் அவர் சந்தைக்குச் சென்று சுட்டார், படமும் கிடைத்தது. முதுமை வரை தொடர்ந்த அந்தப் படங்கள் பின்னர் ஒரு நூலாகவே வெளிவந்தன. பதினாறு வயதுப் பெண் பாட்டியாவது வரை எல்லாப் படத்திலும் துப்பாக்கியைப் பிடித்தபடி நம்மையே குறிபார்க்கிறார்.

அந்த வரிசையில் ஓர் இடைவெளி உண்டு. 1939 முதல் 1945 வரை படம் இல்லை. உண்மைத் துப்பாக்கிகள் முழங்கிய ஆண்டுகளில் விளையாட்டுத் துப்பாக்கி ஓய்ந்திருந்தது. நம் வட்டாரத்தில் அந்த இடைவெளியில் நடந்தது என்ன?

தோட்டத்துப் பெண் ஏந்திய துப்பாக்கி

1942ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மறு ஆண்டு ஜூலையில் நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் இங்கு வந்து இந்திய தேசிய ராணுவத்தின் தலைமையை ஏற்றார். 1943ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் தேதி வாட்டர்லூ ஸ்திரீட்டில் ஜான்சி ராணிப் படையின் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. கேப்டன் லட்சுமி அதன் தலைவி. படையில் சேர்ந்த பெண்களில் பலர் மலாயாவின் ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்த தமிழ்ப் பெண்கள்.

விடியற்காலையில் எழுந்து பால்மரம் சீவிய கைகள் அவை. அந்தக் கைகளில் பிரிட்டிஷாரிடமிருந்து பிடிபட்ட 'திரீ நாட் திரீ' துப்பாக்கி கொடுக்கப்பட்டது. ஏறக்குறைய 4 கிலோகிராம் எடை. நீளம் ஒரு மீட்டருக்கும் மேல். சுட்டவுடன் தோளை உதைக்கும். அடிப்பகுதியைத் தோள்குழியில் இறுக்கிப் பிடிக்காவிட்டால் தோள் கன்றிப்போகும். அதற்கு முன்பு அவர்கள் பெரும்பாலோர் துப்பாக்கியைக் கண்டது தோட்டத்துத் துரையின் பங்களாச் சுவரில்தான்.

இந்தப் படையின் பெண்கள் 1944இல் பர்மாவுக்குச் சென்றனர். ஆனால் இம்பால் போர் தோல்வியில் முடிந்ததால், அவர்கள் பயிற்சி பெற்ற பெருந்தாக்குதலில் இறங்காமலே பின்வாங்க நேர்ந்தது. மலாயாவிலிருந்து 18 வயதில் சேர்ந்து படையின் துணைத் தலைமைப் பொறுப்பு வரை உயர்ந்த ஜானகி ஆதி நாகப்பன், பிற்காலத்தில் மலேசியப் பொதுவாழ்வில் ஈடுபட்டு 2014ஆம் ஆண்டு மறைந்தார். அவர்போல் சிலரின் நினைவுகள் ஏட்டில் ஏறின. லயத்துக்குத் திரும்பிய ஏராளமான பெண்களின் நினைவுகள் ஏறவில்லை. அவர்களில் எத்தனை பேர் குறி தவறாமல் சுட்டார்கள் என்று எழுதி வைக்க ஆளில்லை. பேரப்பிள்ளைகளுக்கே தெரியாமல் அந்தத் திறன் அவர்களோடு போயிற்று.

அவசரகாலத்து வேட்டைத் துப்பாக்கி

போர் முடிந்து மூன்றே ஆண்டுகளில் அடுத்த அத்தியாயம். 1948ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் சுட்டுக் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960ஆம் ஆண்டு ஜூலை 31 வரை நீடித்தது. தோட்டங்களையும் சுரங்கங்களையும் காக்கச் சிறப்புக் காவலர்கள் சேர்க்கப்பட்டனர். அவர்களில் பெரும்பாலோர் மலாய்க்காரர்கள், நம்மவர்களும் இருந்தனர். கிராமங்களில் ஊர்க்காவல் படை அமைத்து, அவர்களுக்கு வேட்டைத் துப்பாக்கிகளைக் கொடுத்தார்கள்.

துப்பாக்கி அப்போது விளையாட்டுப் பொருளாக இல்லை. அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தால் மரண தண்டனை என்பது அன்றைய சட்டம். காவலருக்குக் கொடுத்த ஒவ்வொரு தோட்டாவுக்கும் கணக்கு உண்டு. இரவில் வேலிக்கு அப்பால் சருகு சலசலத்தால் அது காட்டுப்பன்றியா, ஆயுதம் ஏந்திய ஆளா, பக்கத்து லயத்து மனிதரா என்று முடிவு செய்யச் சில நொடிகள்தான். அந்தக் காலத்தைக் கடந்த பெரியவர்கள் சந்தைக் கடையைப் பற்றி என்றால் வாய் ஓயாமல் பேசுவார்கள். அவசரகாலத்தைக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்கள். அந்த மௌனத்தையும் வரலாற்றின் ஒரு பகுதியாகவே நான் கருதுகிறேன்.

பறவையின் கண்ணும் பார்வைக்குறியும்

சிங்கப்பூர் 1965இல் தனிநாடானபோது நம் கையில் இருந்தவை இரண்டு காலாட்படைப் பிரிவுகள்தான். 1967ஆம் ஆண்டு தேசிய சேவைச் சட்டம் திருத்தப்பட்டது. 1949ஆம் ஆண்டின் முதல் ஆறு மாதங்களில் பிறந்த ஆண்கள், ஏறக்குறைய 9,000 பேர் பதிவு செய்தனர். அவர்களிலிருந்து சுமார் 900 பேர் முழுநேரச் சேவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, அந்த ஆண்டு ஆகஸ்டு 17 முதல் முகாமுக்குள் நுழைந்தனர். அதே ஆண்டில் தோட்டா தயாரிக்கும் ஆலையும் இங்கே நிறுவப்பட்டது. பின்னர் எம்16 துப்பாக்கி உரிமத்தின்பேரில் உள்ளூரிலேயே செய்யப்பட்டது. 1999ஆம் ஆண்டில் நாமே வடிவமைத்த எஸ்ஏஆர் 21 அறிமுகமானது.

முகாமில் கற்றுக்கொடுத்த பாடம் எளிமையானது, ஆனால் கடினமானது. உடலைத் தளரவிடு. மூச்சை இழுத்துப் பாதி விட்டு நிறுத்து. விசையை இழுக்காதே, மெல்ல அழுத்து. குழலின் மேல் ஒரு காசை வைத்து, அது விழாமல் விசையை அழுத்திப் பழகியது பலருக்கும் நினைவிருக்கும். காசு விழுந்தால் கை நடுங்கியது என்று பொருள்.

நம் மரபில் குறிபார்ப்பதற்கு உயர்ந்த இடம் உண்டு. ஒரே அம்பால் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்த வல்வில் ஓரியைப் புறநானூறு போற்றுகிறது. பாரதத்தில் துரோணர் கேட்டபோது மரமும் கிளையும் தெரியவில்லை, பறவையின் கண் மட்டும் தெரிகிறது என்று அர்ச்சுனன் சொன்ன கதை சிறு பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எம்16 காலத்துப் பயிற்றுநர் அதற்கு நேர்மாறாகச் சொன்னார். குறியைப் பார்க்காதே, குழல் முனையில் உள்ள பார்வைக்குறியைப் பார், அது தெளிவாக இருக்கட்டும், தொலைவில் உள்ள குறி மங்கலாகத் தெரிந்தால் போதும் என்றார். மனிதக் கண்ணால் அருகையும் தொலைவையும் ஒரே நேரத்தில் தெளிவாகப் பார்க்க முடியாது. உன் கையில் இருப்பதைச் சரியாக வைத்துக்கொள், தொலைவில் உள்ளது தானே சரியாகும் என்பதே அந்தப் பாடம். எஸ்ஏஆர் 21இல் உருப்பெருக்கிக் கண்ணாடி பொருத்தப்பட்டு வந்த பிறகு இந்தச் சிரமம் குறைந்தது. ஆனாலும் பழைய வீரர்கள் அந்த வாசகத்தை வாழ்க்கைப் பாடம்போல் இன்றும் சொல்கிறார்கள்.

வட்டம் மனித உருவானது

இனி, நாம் அதிகம் பேசாத ஒன்றைச் சொல்ல வேண்டும். பழைய சுடுதிடல்களில் குறி என்பது கறுப்பு வட்டம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்க எழுத்தாளர் எஸ்.எல்.ஏ. மார்ஷல், போர்முனையில் இருந்தும் படைவீரர்களில் பெரும்பாலோர் எதிரியைச் சுடவில்லை என்று எழுதினார். அவருடைய கணக்கைப் பின்வந்த ஆய்வாளர்கள் பலர் ஏற்கவில்லை. ஆனால் அந்தக் கருத்துக்குச் செல்வாக்கு இருந்தது. 1950களில் அமெரிக்க ராணுவம், வட்டத்துக்குப் பதிலாக மனித உருவில் திடீரென்று எழும் குறிகளைக் கொண்டு புதிய பயிற்சி முறையை உருவாக்கியது. அடிபட்டால் உருவம் சாயும். மனித உருவக் குறி பிற நாடுகளின் படைகளிலும் வழக்கமாயிற்று. நம் பிள்ளைகள் சுட்டதும் அத்தகைய குறிகளைத்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. திடீரென்று எழுந்து அடிபட்டால் சாயும் உருவம் சந்தைக் கடைக்காரர்களுக்குப் புதிதன்று. சந்தையில் வாத்து சாய்ந்தால் கைதட்டினோம். திடலில் மனித உருவம் சாய்ந்தால் மதிப்பெண் பெற்றோம். இரண்டுக்கும் நடுவே உள்ள வேறுபாட்டை 18 வயதுப் பையன் அன்று யோசித்திருக்க மாட்டான். தந்தையான பிறகு யோசிக்கிறான். தேசிய சேவை செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒரு மனிதரை நோக்கிக்கூடச் சுட்டதில்லை. திறனைக் கற்றுக்கொண்டு, அதைப் பயன்படுத்தத் தேவையே வராமல் முதுமை அடைவதைவிடச் சிறந்த பயிற்சி முடிவு எது?

அந்த அமைதி தானாக வந்ததன்று. மலேசியா 1971ஆம் ஆண்டிலும் சிங்கப்பூர் 1973ஆம் ஆண்டிலும் கடுமையான துப்பாக்கிச் சட்டங்களை இயற்றின. குற்றச்செயலில் துப்பாக்கியால் சுட்டால் கட்டாய மரண தண்டனை என்ற நிலை இரு நாடுகளிலும் வந்தது. அந்தக் கட்டாயத்தை மலேசியா 2023இல் நீக்கியது. சிங்கப்பூரில் காற்றழுத்தத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்களுக்கு ஆண்டுதோறும் துப்பாக்கி சுடக் கற்றுத்தரும் ஒரு நாட்டில், வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பவரைக் காண்பதே அரிது. இதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்கிறோம். உலகில் எத்தனை நாடுகளுக்கு இது வாய்த்திருக்கிறது?

புதிய தலைமுறையின் குறி

குறிபார்க்கும் திறன் இப்போது விளையாட்டில் மலர்கிறது. 10 மீட்டர் காற்றழுத்தத் துப்பாக்கிப் போட்டியில் பத்துப் புள்ளி தரும் நடுப்பொட்டின் அகலம் அரை மில்லிமீட்டர்தான். எறியப்படும் குண்டோ 4.5 மில்லிமீட்டர். மலேசியாவின் நூர் சூர்யானி, 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று அந்தப் போட்டியில் கலந்துகொண்டார். சிங்கப்பூரின் மார்ட்டினா வெலோசோ 2018ஆம் ஆண்டு காமன்வெல்த் விளையாட்டுகளில் இரண்டு தங்கப் பதக்கங்கள் வென்றார். வாட்டர்லூ ஸ்திரீட் முகாமில் பெண்கள் துப்பாக்கி ஏந்தியபோது வியந்த ஊர் இது என்பதை நினைத்துப் பாருங்கள்.

மூன்று உலகங்கள் இன்று இல்லை. நியூ வோர்ல்ட் 1987இலும், கே வோர்ல்ட் 2000ஆம் ஆண்டிலும் மூடப்பட்டன. கிரேட் வோர்ல்டின் பெயர் ஒரு கடைத்தொகுதியில் வாழ்கிறது. புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்த இடத்தில் சுங்கை வாங் பிளாசா நிற்கிறது. 1967இல் முகாமுக்குள் நுழைந்த முதல் அணியினர் எழுபதுகளின் நடுப்பகுதியைத் தாண்டிவிட்டார்கள். அவசரகாலக் காவலர்கள் தொண்ணூறைத் தாண்டியவர்கள். ஜான்சி ராணிப் படையினரில் எஞ்சியோர் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்.

சிங்கப்பூர் தேசிய ஆவணக் காப்பகத்தின் வாய்மொழி வரலாற்றுப் பணி 1979ஆம் ஆண்டிலிருந்து முதியோரின் குரல்களைப் பதிவு செய்து வருகிறது. ஆனால் எல்லாரிடமும் ஒலிப்பதிவுக் கருவியோடு போக எந்த அமைப்பாலும் முடியாது. அந்த வேலையை வீட்டில் உள்ளவர்கள்தான் செய்ய வேண்டும். கையில் இருக்கும் தொலைபேசியே போதும்.

தாத்தாவிடமோ அப்பாவிடமோ எத்தனை குறி வீழ்த்தினீர்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். முதன்முதலில் துப்பாக்கியைத் தொட்டபோது என்ன நினைத்தீர்கள், அன்று யாரிடமிருந்து யாரைக் காக்கப் பயிற்சி கொடுத்தார்கள், எதைச் சுடாமல் விட்டீர்கள் என்று கேளுங்கள். பாட்டியிடமும் கேளுங்கள். அவர் பதில் சொல்லாமல் சற்று நேரம் சும்மா இருந்தால் அவசரப்படுத்தாதீர்கள். பொறுமையாக இருந்தால்தான் குறி சிக்கும். சுடுதிடலில் நமக்குச் சொல்லிக்கொடுத்ததும் அதுதானே?